கைகோக்கும் உரிமை

ஜெனிட்டா நான்கு வருடம் உழைத்து உருவாக்கிய வீடியோ கேமில், அக்காவும் தம்பியும் கைகோத்துக்கொண்டால்தான் ஆற்றைத் தாண்ட முடியும். அது வெளியான மூன்றாவது வாரம் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. இருவர் கைகோத்துத் தாண்டும் ஆட்டமுறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கிவிட்டார்களாம்.

"கைகோக்கறதுக்கா சார்?" என்று வக்கீல் தணிகாசலத்திடம் கேட்டாள்.

"கேம்ல கோக்கறதுக்குத்தாம்மா. அதை எடுத்துட்டு ஒரு பாலத்தைப் போட்டுடுங்க. எதிர்த்தா பத்து வருஷம் இழுப்பாங்க."

அவள் எழுந்து வந்தாள். ஆத்திரத்தில் கணினியின் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தாள். கைகோப்பதை எடுத்துவிட்டாள். பாலம் மட்டும் போடவில்லை. திரையில் அக்காவும் தம்பியும் கையை நீட்டியபடி கரையிலேயே நின்றார்கள். விரல்களுக்கு நடுவே நூலிழை இடைவெளி.

அதற்குக் கீழே அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு, 'இந்தக் கையைப் பிடிக்க இவர்களிடம் அனுமதி கேளுங்கள்' என்று எழுதி வெளியிட்டாள்.

சாயங்காலம் வக்கீல் பதறிப்போய்க் கூப்பிட்டார். "என்னம்மா இது? யாராலயும் ஆத்தைத் தாண்ட முடியலையாமே?"

"ஆமா சார்."

அப்போது அந்தக் கரையில் பதினோராயிரம் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஆட்டத்தை விட்டு வெளியேறவில்லை.