ஆறாவது இதழ்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எனக்கு மட்டும் நின்றதா என்ன! முந்நூறு, நானூறு வருஷத்துக் கட்டடங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அவற்றின் காலடியிலேயே கடைத்தெரு. ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரம், ஒரு பக்கம் துணி, நடுவில் எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற வாசனை. எதை முதலில் பார்ப்பது, எதை முதலில் தின்பது என்று தெரியாமல் அம்மாவும் பெண்ணும் முழித்தோம்.

என் வீட்டுக்காரர் மட்டும் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு திருடனைப் போல வந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். அவர் கொத்தனார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பெரிய வாசலைப் பழுது பார்த்தபோது, உச்சியில் உதிர்ந்துபோன சுண்ணாம்புப் பூக்களைத் திரும்பச் செய்தவர்களில் இவரும் ஒருவர். பூவுக்கு ஆறு இதழ். இவர் ஒரு பூவை ஐந்து இதழோடு விட்டுவிட்டார். மறுவாரம் போனால் சாரத்தைப் பிரித்தாகிவிட்டது.

எப்படி விட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என்றைக்காவது யாராவது எண்ணிப் பார்த்துவிட்டால் தொழிலில் தலை காட்ட முடியாது என்று பயம். இந்த ஊர்ப் பக்கமே வராத மனுஷனை மகள்தான் அழுது அடம்பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

சூடான பலகாரப் பொட்டலத்தோடு வாசலுக்குப் போனோம்.

அங்கே நாற்பது ஐம்பது பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள். அத்தனை போனும் அந்த ஒரே பூவை நோக்கி நீண்டிருந்தது.

"போச்சு" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் நல்லா பாருங்க, அதுல மட்டும் அஞ்சு இதழ்தான். அந்தக் காலத்துச் சிற்பி ஒருத்தர், பொண்டாட்டி செத்த துக்கத்துல, ஆறாவதை வைக்க மனசு வராம இறங்கிட்டாராம்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொண்டாட்டி! குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறேன், வாய் நிறையப் பலகாரத்தோடு! சிரிப்பு பீறிட்டுப் புரையேறிவிட்டது. அவர் என் தலையில் தட்டினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறியதிலிருந்து கழற்றாத தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மகள் அதற்குள் பூவுக்கு நேர் கீழே போய் நின்று, போட்டோ எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

அவளையே பார்த்தபடி என் காதருகே குனிந்தார். "கடைசி இதழுக்குச் சாந்தைக் கையில எடுத்துட்டேன். கீழேருந்து மேஸ்திரி கத்தினாரு, உனக்குப் பொண்ணு பொறந்திருக்குடான்னு. பூ குறைஞ்சதுக்கு இவ பொறந்த நேரம்தான் காரணம்னு எவனாச்சும் சொல்லிடுவானோன்னு இத்தனை நாளா மூச்சு விடல."

எனக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் ஞாபகம் வந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்து பிள்ளையை வாங்கக் கை நீட்டிய இவரை ஒரே அதட்டாக அதட்டி, விரல்களில் வெள்ளையாய்க் காய்ந்திருந்ததை வராந்தாக் குழாயில் தேய்த்துக் கழுவ வைத்தவள்.