காதோரம் சொன்ன படம்

"நீ எந்தப் படத்தைம்மா பார்த்த?"

பேராசிரியர் ஸனோட்டி இப்படிக் கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ஐல்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சினிமாவும் ஆங்கில இலக்கியமும் படிப்பவள். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வருடம் இத்தாலியின் பொலோனியாவில் படிக்க வந்திருக்கிறாள்.

"நீங்க கொடுத்த லிஸ்ட்ல இருந்த படம்தான் சார். தியேட்டர்ல போய்ப் பார்த்தேன்."

"அண்ணன்காரன் யார்கிட்டயும் சொல்லிக்காம கப்பலேறி அர்ஜென்டினா போயிட்டான்னு எழுதியிருக்க. அவன் எவ்வளவு சுயநலக்காரன்னு பக்கம் பக்கமா திட்டியிருக்க. அந்தப் படத்துல கப்பலே கிடையாதேம்மா!"

மறுபடியும் சிரிப்பு.

"அப்ப அவனுக்கு என்ன சார் ஆச்சு?"

"அதை நான் சொல்ல மாட்டேன். லைப்ரரியில சப்டைட்டிலோட இருக்கு. போய்ப் பார்த்துட்டு, திங்கட்கிழமைக்குள்ள வேற கட்டுரை கொண்டு வா. இல்லைன்னா ஃபெயில்தான்."

இங்கே ஃபெயில் என்றால் ஊருக்குப் போய்க் கடைசி வருடம் படிக்க முடியாது.

வெளியே வந்ததும் ஃபெர்கஸ் பிடித்துக்கொண்டான். அவளோடு அதே கல்லூரியிலிருந்து வந்தவன்.

"யாரு உனக்கு இந்தக் கதையைச் சொன்னது?"

"ஓர்னெல்லா."

ஓர்னெல்லா அவளுடைய அறைத்தோழி. வகுப்பு ஆங்கிலத்தில்தான்; ஐல்சாவுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி காபி வாங்க மட்டும்தான் போதும். அதனால் எந்தப் படத்துக்குப் போனாலும் ஓர்னெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லுவாள். பதிலுக்கு ஓர்னெல்லாவின் ஆங்கிலக் கட்டுரைகளை ஐல்சா திருத்திக் கொடுப்பாள்.

"வேணும்னேதான் பண்ணியிருக்கா," என்றான் ஃபெர்கஸ். "போன தடவை இங்கிலீஷ் பேப்பர்ல நீ அவளைவிட அதிக மார்க் வாங்கினியே, அந்தக் கடுப்பு."

"சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்லடா."

"ஒரு வார்த்தை மாறலாம், ஒரு வரி மாறலாம். ஒரு கப்பலே எங்கிருந்து வரும்?"



வீட்டில் ஓர்னெல்லா பாஸ்தாவுக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அர்ஜென்டினாவா?" பையைக் கூடக் கழற்றாமல் கேட்டாள் ஐல்சா. "கப்பலா? கிளாஸே சிரிச்சுதுடி!"

ஓர்னெல்லாவின் கத்தி நின்றது.

"அந்தப் படத்தைப் பத்தியா எழுதின? வேற ஏதோ படம்னு நினைச்சேன்."

"அப்ப, தப்பா சொன்னதுன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

ஓர்னெல்லா குனிந்துகொண்டாள். "நானும் அன்னைக்குத்தான் அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தேன். ஒரு இடத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதைக் காப்பாத்த கடைசி வரைக்கும் புளுக வேண்டியதாயிடுச்சு. மன்னிச்சிடு."

"விளையாட்டா உனக்கு? உன் கட்டுரையில ஒரு கமா தப்பா இருந்தாக்கூட உன்னைக் கேட்டுட்டுத்தான் மாத்தறேன். நீ ஒரு படத்தையே மாத்தியிருக்க! நான் ஃபெயிலாயிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

ஓர்னெல்லா நறுக்கிய தக்காளியைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள்.

"நான் வேற ரூம் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஐல்சா கதவை அறைந்து சாத்தினாள்.

நேரே லைப்ரரிக்குப் போனாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படத்தைப் போட்டாள்.

கறுப்பு வெள்ளைப் படம். அதே வீடு, அதே சாப்பாட்டு மேஜை. இதுவரைக்கும் ஓர்னெல்லா சொன்னது அத்தனையும் சரியாகவே இருந்தது. கதாநாயகி போட்ட மொக்கை ஜோக்கைக் கூட அவள் விட்டுவைக்கவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. டெலிபோன் மணி அடிக்கிறது. கதாநாயகி எடுத்துக் கேட்கிறாள். சுவரில் சாய்ந்தபடி மெல்ல உட்காருகிறாள்.

திரையின் அடியில் எழுத்து ஓடியது.

'உங்க அண்ணன் போன படகு கவிழ்ந்துடுச்சு. உடம்பு இப்பத்தான் கிடைச்சுது.'

ஐல்சா படத்தை நிறுத்தினாள். மீதிப் படத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாஸ்தா அப்படியே ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

"பார்த்துட்டியா?" என்றாள் ஓர்னெல்லா.

"ம்."

"முழுசாவா?"

"இல்லை. போன் வர்ற வரைக்கும்தான்." ஐல்சா நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "நான் அவ்வளவு கத்தினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அதை எந்த வாயால சொல்லச் சொல்ற?" என்றாள் ஓர்னெல்லா. "உங்க அண்ணன் ரோரியைக் கடல்ல தேடி எடுத்து, அடக்கம் பண்ணிட்டு நீ திரும்பி வந்த வாரம்டி அது. கட்டிலை விட்டே எந்திரிக்காம கிடந்த. ஒரு படமாவது பார்க்கட்டும்னு நான்தான் உன்னை இழுத்துட்டுப் போனேன். இப்படி ஒரு போன் வரும்னு எனக்கு என்ன தெரியும்? 'போன்ல என்ன சொல்றாங்க?'ன்னு நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்ட. கப்பலை விட்டா அவனை உயிரோட அனுப்பி வைக்க எனக்கு வேற வழி தெரியலடி."