குட்டை ஒன்று, நெட்டை ஒன்று

“ஒண்ணு குட்டையா இருக்கட்டும் தம்பி. இன்னொண்ணு நெட்டையா இருக்கட்டும். நூத்திப்பத்து சென்டிமீட்டர், நூத்திருபது சென்டிமீட்டர். ஒரு கோடு ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம்.”

மலையேறும் சாமான்கள் விற்கும் அந்தக் கடையின் விற்பனைப் பையனுக்கு ‘இஞ்ச் டேப்’ என்று பட்டப்பெயர். எதையும் அளக்காமல் விற்க மாட்டான். அளந்த பிறகும், சரியாகத்தான் அளந்தோமா என்று ஒரு தடவை வியர்ப்பான். இப்போது அவன் கண்கள், வேண்டாம் வேண்டாம் என்று அவன் தடுத்தும் கேளாமல், வந்தவரின் கால்களுக்குப் போய்விட்டன.

இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரிந்தன. ஆனால் பேன்ட்டுக்கு உள்ளே நடப்பதை யார் கண்டது?

“சார், மலையேற ஊனுற ஸ்டிக்குன்னா ஜோடி. ரெண்டும் ஒரே உயரம் இருந்தாத்தான் சரியா வரும்,” என்றான் பக்குவமாக. “தரையில ஊனினா முழங்கை இங்கிலீஷ் ‘எல்’ மாதிரி மடங்கணும். ஏத்தத்துல கொஞ்சம் குறைச்சுக்கலாம், இறக்கத்துல கொஞ்சம் கூட்டிக்கலாம். எது செஞ்சாலும் ரெண்டையும் சேர்த்துத்தான்.”

“அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் சொன்னபடி வை.”

அங்கேதான் வம்பு. போன வாரம் அவன் விற்ற ஸ்டிக்குகள், ‘தோள்பட்டை கழண்டு போச்சு’ என்ற புகாரோடு கடைக்கே திரும்பி வந்திருந்தன. “இன்னொரு ஜோடி திரும்பி வந்துச்சுன்னா, நீயும் உன் வீட்டுக்குத் திரும்பிக்கோ,” என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். இப்போதும் கல்லாவில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலாக இவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ச் டேப் முதலில் குட்டை ஸ்டிக்கை நூற்றுப்பத்தில் நிறுத்தி, கிளிப்பை அழுத்திப் பூட்டி, வந்தவரின் இடது கையில் கொடுத்தான். முழங்கை அழகாக எல் போல மடங்கியது. நெட்டையை வலது கைக்கு நீட்டினான். அவர் அந்தக் கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“பிடிச்சுப் பாக்கலையா சார்?”

“அது இருக்கட்டும்.”

கோளாறு கையிலா, காலிலா? கேட்டால் அவர் மனம் புண்படும். கேட்காவிட்டால் இவன் வேலை போகும். யோசித்து யோசித்து, கடைசியில் அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

“புரிஞ்சுது சார்! சரிவுக்குக் குறுக்கே போற ஒத்தையடிப் பாதை, அதானே? மேட்டுப் பக்கம் குட்டை, பள்ளத்துப் பக்கம் நெட்டை. பிரமாதம்! ஆனா திரும்பி வரும்போது மறக்காம மாத்திப் பிடிச்சுக்கணும்.”

“ஒத்தையடியும் இல்ல, ரெட்டையடியும் இல்ல. லாரி போற அகலத்துக்குப் பாதை கிடக்கு. மாத்தியெல்லாம் பிடிக்க முடியாது தம்பி. மாத்திப் பிடிச்சா வீடு ரெண்டுபடும்.”

கல்லாவிலிருந்து ஒரு செருமல் வந்தது. அந்தச் செருமலிலேயே இவன் கணக்கைத் தீர்த்து அனுப்பும் உத்தரவு முழுதாக அடங்கியிருந்தது.

இஞ்ச் டேப் ஸ்டிக்கைக் கீழே வைத்தான். “சார், கோவிச்சுக்காதீங்க. இப்படிக் குடுத்தனுப்பினா இது நாளைக்கே திரும்பி வரும், என் பிழைப்பும் போயிடும். உள்ளதைச் சொல்லுங்க. கால்ல ஏதாச்சும்... ஏத்த இறக்கமா...?”

வந்தவர் குனிந்து தன் கால்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கடையே அதிரச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. “என்ன, ஸ்டிக் வாங்குறீங்களா, இல்ல உக்காந்து செய்யுறீங்களா? எவ்வளவு நேரம் காருக்குள்ளயே கிடக்கிறது?” என்றபடி ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அவர் காது மடல் வரைக்கும்தான் கணவரின் உச்சந்தலை எட்டியது.

வந்த வேகத்தில் அந்த அம்மாள் நெட்டை ஸ்டிக்கை வலது கையில் எடுத்து ஊன்றினார். முழங்கை அச்சு அசலாக எல் போல மடங்கியது.

இஞ்ச் டேப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒன்று! இரண்டுமே கச்சிதம், இனி எந்த ஜென்மத்திலும் இவை திரும்பி வராது. முதலாளியம்மாவும் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பில் போட ஆரம்பித்துவிட்டார்.

உயிர் வந்த கையோடு அவனுக்கு வாயும் வந்துவிட்டது.

“இவ்வளவுதானா விஷயம்? நல்ல சிக்கனம் சார் உங்களுக்கு! முட்டி விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் ஆகாது மேடம். ஆளுக்கு ஒரு ஜோடியா எடுத்துக்குங்க. மலையில ஒரு கையைச் சும்மா விடலாமா?”

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். இத்தனை நேரம் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த மனிதர், கூரையில் சுற்றும் மின்விசிறியை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“சும்மாவா?” என்றார் அம்மாள். “ஆளுக்கு ரெண்டு பிடிச்சுக்கிட்டா, நாங்க கை கோத்துக்கிட்டு நடக்கிறது எப்படிப்பா?”