பட்டியல் காலியான மதியம்

மதிய வெயில் மெஷின்மேல் கிடக்கிறது. தையல்காரர் கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, கணினியில் அதற்கான வரியில் 'முடிந்தது' என்பதை அழுத்துகிறார். கடைக்கு இந்த ஆர்டர் பக்கத்தைக் கணினியில் செய்து கொடுத்த மனைவி செத்து மூன்று மாதமாகிறது. அவள் இருந்தவரை தலைக்குமேல் வேலை. ஆர்டர் பட்டியல் ஒருநாளும் காலியானதில்லை. இன்று காலியாகிறது. வெறும் திரையின் நடுவே, காலியானால் தெரியட்டுமென்று அவள் என்றோ எழுதிவைத்த வரி முதன்முதலாக வருகிறது: "அப்பாடா, ஒண்ணும் பாக்கி இல்ல. எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க." அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படிக்கிறார். தொட்டுப் பார்க்க விரல் நீள்கிறது. கணினி 'டிங்' என்கிறது. "மாமா, புது ஆர்டர் வந்திருக்கு!" என்று கையில் போனுடன் மைத்துனி சந்தோஷமாக ஓடி வருகிறாள். அந்த வரி இருந்த இடத்தில், யாரோ ஒருவரின் மார்பளவும் கையளவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.