ரெண்டாவது சிவப்பு

"முந்நூத்திப் பன்னெண்டு சோதனையில ரெண்டு சிவப்பு. இதைக் கொண்டாந்து எங்கிட்ட ஒப்புதல் கேக்குற. கூச்சமா இல்லையா நாகஜோதி?"

சுயம்புலிங்கம் குரலை உயர்த்தியதும் ஆபீஸில் ஒன்பது கீபோர்டும் நின்றன.

தேனியில் ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. அவர் டீம் லீடர். யார் புரோகிராம் கோடு எழுதினாலும் கம்ப்யூட்டரே சோதனைகளை ஓட்டிப் பார்க்கும்; தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. எல்லாம் பச்சையாக வந்து, இவரும் தலையசைத்தால்தான் கோடு உள்ளே போகும். கடவுளே எழுதிக் கொண்டுவந்தாலும் ஒரு குறை சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்.

நாகஜோதி எழுந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்.

"சார், கம்பத்து ஆஸ்பத்திரி டோக்கன் ஆப்புல ஒரு போனுக்கு ஒரு டோக்கன்தான்னு இருக்கு. அதை நாலா மாத்தினேன். பழைய சோதனை இன்னும் ஒண்ணையே எதிர்பார்க்குது. அதான் முதல் சிவப்பு."

"யாரைக் கேட்டு மாத்துன?"

"ஆஸ்பத்திரியிலதான் கேட்டாக சார். உங்களுக்கும் மெயில் போட்டாகளே."

மெயில் படிப்பது சுயம்புலிங்கத்தின் வேலையில் சேராது.

"எங்க காமயகவுண்டன்பட்டியில திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைக நாலஞ்சு பேருக்கு ஒரே போனுதான் சார். ஒருத்திக்குப் போட்டா மத்தவளுக்குக் கிடைக்கல. போன வாரம் அக்கம்மாள்னு ஒரு அக்கா, காய்ச்சலோட பஸ் ஏறிப் போயி, பாக்க முடியாமத் திரும்பி வந்தாக..."

"கதை பேசாத. இன்னிக்கு நாலும்பாக, நாளைக்கு நாப்பதும்பாக. நமக்குன்னு ஒரு ஒழுங்கு வேணாமா? சரி, அந்த ரெண்டாவது சிவப்பு?"

"அது என்னால வரல சார். முன்னாடியே அப்பப்ப வருது."

பக்கத்து மேசை இம்மானுவேல் சிரித்தான். "அது ஒரு கிறுக்குச் சோதனை. நாலு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு. திரும்ப ஓட்டு, சரியாயிரும். ரெண்டு வருசமா நாங்க அப்பிடித்தான் பண்றோம்."

"மத்தவுக திரும்ப ஓட்டலாம். உனக்குக் கிடையாது," என்றார் சுயம்புலிங்கம். "ரெண்டுக்கும் காரணம் எழுதி அனுப்பு. அதுவரைக்கும் உன் கோடு வாசல்லயே நிக்கட்டும்."

நாகஜோதி மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. மூன்று மணிக்கு, டீம் முழுக்கப் பார்க்கும் பக்கத்தில் காரணத்தைப் போட்டாள். சுயம்புலிங்கம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். அடுத்தவர் தப்பைப் பாடமாக நடத்துவதில் அவருக்கு ஒரு ருசி.

"'இரண்டாவது சோதனை பழைய பதிவுகளில் ஏதாவது நூறு போன் நம்பரை எடுத்து, அனுமதித்த அளவுக்கு மேல் டோக்கன் கேட்டுப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மறுப்பு வரவேண்டும். ஒரே ஒரு நம்பர் அகப்படும் நாளில் மட்டும் தோற்கிறது. அந்த நம்பருக்கு எத்தனை டோக்கன் வேண்டுமானாலும் கொடு என்று கோடில் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.'"

படித்து முடித்தவர் கொதித்துப் போனார்.

"பாத்தீகளா அநியாயத்தை! சனம் அங்கன வரிசையில நின்னு சாகுது. எவனோ சொந்தக்காரனுக்குப் பின்வாசல் திறந்து வச்சிருக்கான். இம்மானுவேலு, நீயா?"

"ஐயோ, நான் இல்ல சார்!"

"எந்த நம்பரும்மா? ஏன் எழுதல?"

"எல்லாரும் படிக்கிற இடம் சார். வேணாம்னு விட்டேன்."

"எழுது. எவனா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புறேன்."

நாகஜோதி தயங்கினாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அவர் மேசையில் வைத்தாள்.

சுயம்புலிங்கம் பிரித்தார். பத்து இலக்கம். அதன் கீழே, 'அன்னத்தாய், க/பெ சுயம்புலிங்கம்.'

ரெண்டு வருசத்துக்கு முன்னால் வீடே காய்ச்சலில் படுத்தபோது அவரே எழுதி, அவரே மறந்துபோன வரி.

"அந்த வரியை எடுத்துட்டேன் சார். பழைய சோதனையையும் நாலுன்னு திருத்திட்டேன், இப்ப எல்லாம் பச்சை," என்றாள் நாகஜோதி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நாலு டோக்கன்னு ஆயிட்டா உங்க வீட்டுக்கும் போதும்ல?"

ஒன்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுயம்புலிங்கம் சீட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார். தொண்டையைச் செருமினார். ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு போனுக்கு ஒரே டோக்கன்னு வச்சவன் மனுசனா? வீட்டுக்கு நாலு பேரு இருக்கத்தானய்யா செய்வாக!"