எதிர்க்கடைப் பலகை

"முத்திருளா, அந்தக் கார் எங்க நிக்குதுன்னு பாரு."

"எதிர்க்கடையிலதான் முதலாளி."

ராஜகுருவுக்கு அது தெரியும். தெரிந்ததையே இன்னொருவர் வாயால் கேட்டு வயிறு எரிவது அவருக்கு ஒரு வருஷப் பழக்கம்.

பழங்காநத்தத்தில் முப்பது வருஷமாக ஸ்போர்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரன் ஜனகராஜ், பதினோரு வருஷம் இவரிடம் வேலை பார்த்தவன். போன வருஷம் நேர் எதிரே கண்ணாடிக் கதவும் ஏ.சி.யுமாகக் கடை போட்டான். திறப்பு விழாப் பத்திரிகையோடு வந்து நின்றபோது இவர் தலையைத் தூக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"அப்படி என்னத்தை வாங்குறாங்க அங்க?"

"ஏதோ பலகை முதலாளி. காலையில பம்பாய்லருந்து பார்சல்ல வந்துச்சு, ரெண்டு."

"பலகையா? இஸ்திரி போடுறதுக்கா?"

முத்திருளன் சிரித்துவைத்தான். ராஜகுரு தன் வீட்டு பாஷையான சௌராஷ்ட்ராவில் ஏதோ முணுமுணுத்தார். வாழ்த்தாக இருக்க வாய்ப்பில்லை.

அதற்குள் காரில் வந்த ஆளே ரோட்டைக் கடந்து இங்கே வந்தான். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான். செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது இந்தக் கடையின் சட்டம்.

"சார், என் பேரு விஜய்ஆனந்த். கோச்சடையிலருந்து வாரேன். வேக்போர்டு தெரியுங்களா? மோட்டார் போட் இழுத்துக்கிட்டுப் போகும். நாம கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி மேல பலகையில நின்னுக்கிட்டே போவோம்."

"தெரியும்."

சிங்கப்பூர் மச்சினன் அனுப்பும் கேட்லாக்கை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் ராஜகுரு. மதுரையில் இந்த விஷயம் தெரிந்த கடைக்காரர் தான் ஒருவர்தான் என்று அவருக்கு எண்ணம். அந்த வியாபாரமும் எதிர்க்கடைக்குத்தானா போக வேண்டும்?

"எதிர்க்கடையில ரெண்டு வரவழைச்சிருக்காங்க. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. எனக்கு எது சரியா வரும்னு அந்த அண்ணனுக்குத் தெரியலையாம். உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

ராஜகுருவுக்கு ரத்தம் கொதித்தது. விற்கிற பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவனுக்கு ஏ.சி. கடை. லாபம் அவனுக்கு, யோசனை சொல்ல மட்டும் நானா?

"எம்புட்டு வெயிட்டு தம்பி?"

"தொண்ணூத்திரெண்டு சார்."

"முன்னப்பின்ன ஏறிப் பழக்கமுண்டா?"

"இல்ல, இதான் முதல் தடவை."

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. கனத்த உடம்பு, புது ஆள். நீளமான பலகைதான் சரி. குட்டை இந்த எடையைத் தாங்காது. முனை தண்ணீருக்குள் முங்கி ஆளைக் கவிழ்த்துவிடும்.

கவிழ்க்கட்டுமே என்று தோன்றியது. இவன் நாலு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்க வேண்டும். நினைக்கும்போதே குளுகுளுவென்று இருந்தது.

"குட்டையை எடுங்க."

"நிச்சயமாவா சார்?"

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். குட்டைதான் சொன்னபடி கேக்கும்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

அவன் வாசல் படியில் உட்கார்ந்து ஷூ மாட்ட ஆரம்பித்தான். போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ராஜகுருவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க, கொடைக்கானல் ஏரியிலயா?"

"இல்ல சார், தூத்துக்குடி. கடல்ல. பிரெண்டு போட் வச்சிருக்கான்."

"நீச்சல் தெரியுமில்ல?"

"சுமாரா வரும் சார். வைகையில எங்க தண்ணி? நீச்சல் குளத்துல ஒரு மாசம் கத்துக்கிட்டதுதான்."

ராஜகுரு பேப்பரை எடுத்து விரித்தார். ஒரு எழுத்தும் ஓடவில்லை. கடல். சுமாரான நீச்சல். போதாததற்கு இந்தப் பலகையில் கால் இரண்டையும் சேர்த்து மாட்டியிருப்பார்கள்.

நிமிர்ந்தார். எதிர்க்கடை வாசலில் ஜனகராஜ் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் பழைய காந்தல் திரும்ப வந்தது. உண்மையைச் சொன்னால் பேர் யாருக்கு? அவனுக்குத்தானே? பேப்பரைப் புரட்டினார். மறுபடி மடித்தார்.

விஜய்ஆனந்த் இரண்டாவது ஷூவின் கயிற்றையும் கட்டி முடித்தான்.

"தம்பி!" கத்தியே விட்டார். "நில்லுங்க. நீளத்தையே எடுங்க. உங்க வெயிட்டுக்கு அதுதான் தாங்கும். நான் ஏதோ ஞாபகத்துல மாத்திச் சொல்லிப்புட்டேன்."

ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய் தேவைப்பட்டது.

அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான்.

"எதிர்க்கடை அண்ணன் சொல்லித்தான் சார் அனுப்பினாரு. 'எங்க முதலாளிக்கு என் மேல கோவம், மொதல்ல தப்பாத்தான் சொல்லுவாரு. உடனே வந்துராதீங்க, கொஞ்சம் பொறுங்க. அவருக்கு மனசு கேக்காது, கூப்பிட்டு ரெண்டாவதா ஒண்ணு சொல்லுவாரு. அதைக் கேட்டுட்டு வாங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தாரேன்'னாரு."