பதினேழாம் நம்பர் டோக்கன்

"உனக்கெல்லாம் அம்மா இல்லையா?"

முதியோர் குடியிருப்பின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்டவர், பதினேழாம் நம்பர் அம்மாவின் மகன். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் காலை அது. கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டாக்டர் எத்தன மணிக்கு வர்றாரு?"

"பதினோரு மணிக்கு சார்."

"இவங்கள எத்தன மணிக்கு வரச் சொல்றே?"

"எட்டு மணிக்கு."

"எண்பது வயசு மனுஷிய, தினமும் மூணு மணி நேரம் இந்த பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வெக்கிறே. ஒரு நோயும் இல்லாதவங்கள நீயே நோயாளியாக்கிடுவே போலிருக்கே!"

அவள் தலைக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு தகர டோக்கன். ஆளுக்கு ஒரே நம்பர்தான், என்றைக்கும் மாறாது. எட்டரைக்கு ஏதாவது ஆணியில் டோக்கன் மிச்சம் தொங்கினால், பெருக்குகிற அக்கா சாவிக்கொத்தோடு கிளம்பிவிடுவாள். போர்வைக்குள் சுருண்டிருந்தாலும் எழுப்பிக் கூட்டிவராமல் விடமாட்டாள்.

"இன்னிக்குக் காலைல எங்க வீட்டுக் கதவையும் தட்டுது அந்தப் பொம்பள. அம்மா என்கூடப் பேசிட்டிருக்காங்க, அதுக்குள்ள 'டோக்கன் எடுக்கல'ன்னு வந்து நிக்குது. இது கிளினிக்கா, ஜெயிலா?"

"ஜெயில்லயாவது நன்னடத்தைன்னு சீக்கிரம் விடுவான் தம்பி" என்றார் ஒன்பதாம் நம்பர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

டோக்கன் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பதினேழாம் நம்பர் அம்மா, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர். அந்தத் தலையாட்டலுக்கு எந்த வாயும் மூடிக்கொள்ளும்.

"பதில் வருதா பாரு. அவ்வளவு திமிரு."

"விடுப்பா, எனக்கு இங்க பொழுது போகுது" என்றார் அம்மா.

"நீ சும்மா இரும்மா. இவங்களுக்கெல்லாம் நீ பயப்படுறே. நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். காத்திருக்கும் முதியவர்களைப் படமெடுத்து, நாலு பக்கக் கடிதத்தோடு நிர்வாகத்துக்கு அனுப்பினார். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் போன் செய்து உலுக்கினார்.

ஒரே மாதத்தில் எல்லாம் மாறியது. உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் போனில் பதிவு செய்ய வேண்டும், கொடுத்த நேரத்துக்கு வந்தால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம். கூப்பிடாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பெருக்குகிற அக்காவைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். டோக்கன் பெண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டரும், கூடவே ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தன.

ஆணிப் பலகையைக் கழற்றினார்கள். நாலு நாற்காலி போதும் என்று மற்றதையெல்லாம் மூலையில் அடுக்கினார்கள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மகன் போனில் கேட்டார்.

"ரொம்ப சௌகரியம்ப்பா" என்றார் அம்மா.

மூன்று மாதம் போனது. முழங்கால் வலி என்று பதினேழாம் நம்பர் அம்மா பதிவு செய்திருந்தார். வியாழக்கிழமை, பதினொன்று பத்து. அந்த நேரத்துக்கு அவர் வரவில்லை. ஒரு நிமிஷம்கூடப் பிந்தாதவர். பதினொன்று பதினொன்றுக்கு டோக்கன் பெண் அறிவிப்பையும் எச்சரிக்கையையும் மறந்து ஓடினாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்தது திங்கட்கிழமை காலை. உயிர் போனது செவ்வாய் சாயங்காலம். டாக்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

காரியங்கள் முடிந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் கிளினிக்குக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"சுத்தி இத்தன பேர் இருக்கீங்க. ஒன்றரை நாள் உசுரோட கெடந்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட எட்டிப் பாக்கணும்னு தோணலையா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

இந்த முறை அவருக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்ட யாரும் இல்லை. டோக்கன் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து, பதினேழு என்று எழுதிய தகரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க எதிர்வீட்டுத் தாத்தா செத்து மூணு நாள் கழிச்சுதான் சார் எங்களுக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் எட்டு மணிக்கு எல்லாரும் வந்து டோக்கன் எடுக்கணும்னு ஆச்சு. எட்டரைக்கு மேல ஆணில ஒண்ணு தொங்கினா, அந்த வீட்டுக்கு ஓடணும்."

அவர் தகரத்தையே பார்த்தார்.

"'உசுரோட இருக்கோமான்னு பாக்க ஆள் வருதுன்னா எல்லாருக்கும் கூசும். டாக்டருக்குக் காத்திருக்கோம்னா கௌரவமா இருக்கும். பிள்ளைங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதே, அவங்க அங்க தூங்க மாட்டாங்க'ன்னு சொல்லித்தான் அந்தப் பலகைய மாட்டினாங்க."

"யாரு?"

"உங்க அம்மாதான் சார்."

அவர் தகரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கிப் போனார்.